முதலில் யாருக்கு? தோட்டத்து ஊர்களில் குடியுரிமையும் பொதுச் சேவையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஆகட்டும், பாகாவ் ஆகட்டும், பாடாங் செராய் ஆகட்டும், அரசாங்கக் கிளினிக்கில் வரிசை நீளும்போது காதில் விழும் பேச்சு ஒன்றுதான்: "நாம நாலு தலைமுறையா இங்க இருக்கோம். நேத்து வந்தவனுக்கும் நமக்கும் ஒரே வரிசையா?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் நான்கு தனித்தனி அளவுகோல்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வைக்காமல் பேசினால் வாதம் எங்கும் போய்ச் சேராது.

முதல் அளவுகோல் குடியுரிமை: கையில் நீல மைகாட் (குடிமக்களின் அடையாள அட்டை) இருக்கிறதா? இரண்டாவது காலம்: எத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறார்? மூன்றாவது பங்களிப்பு: வரி, லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்காகக் கட்டும் ஆண்டுக் கட்டணம்), சந்தா என்று பொதுப் பணத்தில் எதையாவது சேர்த்திருக்கிறாரா? நான்காவது தேவை: இந்தச் சேவை இன்றைக்குக் கிடைக்காவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? "பழைய குடிகளுக்கே முன்னுரிமை" என்று சொல்பவர்கள் முதல் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். மற்ற ஊர்களில் அது பெரிய பிழையாக இல்லாமல் இருக்கலாம். தோட்டத்து ஊரில் அது பெரிய பிழை.

கற்பனையாக மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1950இல் இதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, ஐம்பது வயதுவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி. கையில் சிவப்பு அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அடுத்தவர் போன வருடம் கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த, நீல அட்டை வைத்திருக்கும் இளைஞர். மூன்றாமவர் பதினோரு ஆண்டுகளாகச் செம்பனைக் குலை அறுக்கும் இந்தோனேசியத் தொழிலாளி. வேலை அனுமதி உண்டு, அட்டை கிடையாது. குடியுரிமையை வைத்துப் பார்த்தால் இளைஞர்தான் முதலில். காலத்தை வைத்துப் பார்த்தால் பாட்டி முதலில், இந்தோனேசியர் இரண்டாவது, இளைஞர் கடைசி. இந்த ஊரின் செம்பனைக்கும் அதைச் சுற்றி ஓடும் கடை கண்ணிக்கும் உழைத்ததைக் கணக்குப் பார்த்தாலும் இளைஞர் பின்னால்தான் நிற்பார். தேவையை வைத்துப் பார்த்தால் இப்போதே பதில் சொல்ல முடியாது, யாருக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டும். ஆக, "நீண்ட காலக் குடிமகன்" என்று நாம் மனதில் வைத்திருக்கும் ஆளுக்கு, இந்த மூன்று பேரில் ஒருவர்கூட முழுமையாகப் பொருந்தவில்லை.

சிவப்பு அட்டை எப்படி வந்தது

பாட்டியின் கதை அபூர்வமானதல்ல. சுதந்திரத்துக்கு முன் மலாய் மாநிலங்களில் பிறந்ததால் மட்டும் ஒருவர் குடிமகன் ஆகிவிடவில்லை. பெற்றோரில் ஒருவரும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருந்தன. ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறி வந்த தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் பலர் அதில் விடுபட்டார்கள். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோர் யார் என்று பாராமலே குடியுரிமை கிடைத்தது. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று விதி இறுகியது. சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்கள் தாங்களாக மனுப் போட்டுப் பதிந்துகொள்ள அரசியலமைப்பின் 16ஆவது விதி வழி வைத்தது. ஆனால் மனுப் போட ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போக வேண்டும், தாள் நிரப்ப யாராவது வேண்டும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சொல்லவில்லை, தொழிற்சங்கம் எட்டவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்கு விஷயமே தெரியாது. லயத்தில் வீடு, தோட்டத்தில் பள்ளி, தோட்டத்தில் மருந்தகம் என்று எல்லாம் வேலிக்குள்ளேயே கிடைத்தபோது, வெளியே காட்ட ஓர் அட்டை வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடி 1969இல் விழுந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் மே 13 இனக் கலவரத்துக்குப் பின் கறாராக அமலுக்கு வந்தது. பிறந்து வளர்ந்த தோட்டத்தில் பால் வெட்டவே பெர்மிட் கேட்டார்கள். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதியினர்தான் இன்றும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்கள். 2018இல் 60 வயதைத் தாண்டிய இத்தகைய இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசு அறிவித்தது.

"வந்தேறிக்கு என்ன உரிமை" என்று தமிழர் ஒருவர் தமிழ்ப்பள்ளி வாசலில் நின்று கேட்கும்போது, அதே கேள்வியால் தன் பாட்டன் காலத்தில் எத்தனை வீடு காலியானது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சட்டம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது

அரசியலமைப்பைக் கவனமாகப் படித்தால் அது இரண்டு சொற்களைத் தனித்தனியாகக் கையாள்வது தெரியும். 5ஆவது விதி (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) எல்லா நபர்களுக்கும் உரியது. 8ஆவது விதியின் முதல் பிரிவு எல்லா நபர்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அதே விதியின் இரண்டாவது பிரிவு, மதம், இனம், பிறந்த இடம் முதலியவற்றால் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது குடிமக்களை மட்டும் குறிப்பிடுகிறது. கல்வி பற்றிய 12ஆவது விதியும் குடிமக்களைத்தான் பேசுகிறது. ஆக, சில பாதுகாப்புகள் மனிதராக இருப்பதாலேயே வருகின்றன, சில குடிமகனாக இருப்பதால் வருகின்றன. குடிமக்களுக்கு உள்ளேயே 153ஆவது விதி (மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை) இன்னொரு முன்னுரிமையை வைக்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். ஆனால் "குடிமக்கள் அனைவருக்கும் ஒரே வரிசை, மற்றவர் பின்னால்" என்ற எளிய படம் இந்த நாட்டில் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

வரிச் சட்டம் வேறு மாதிரி. வருமான வரி இலாகா அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை, நாளை எண்ணுகிறது. ஓர் ஆண்டில் 182 நாட்கள் இங்கே இருந்தால் பொதுவாக நீங்கள் வசிப்பவர். உங்களுக்குப் படிப்படியான வரி விகிதம், கழிவுகள் எல்லாம் உண்டு. இல்லையென்றால் நேராக 30 விழுக்காடு. பணம் வாங்கும்போது காலத்தையும், பணம் கொடுக்கும்போது குடியுரிமையையும் அளவாக வைத்துக்கொள்கிறது அரசாங்கம். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, எல்லா நாடுகளும் செய்வதுதான். ஆனால் "அவன் எதையும் கட்டுவதில்லை" என்று சொல்லுமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய நடைமுறை: எது யாருக்கு

ரொக்க உதவியும் மானியமும் கிட்டத்தட்ட முழுக்க நீல அட்டைக்கே. ரஹ்மா ரொக்க உதவி, 60 வயதைக் கடந்த ஏழை முதியோருக்குச் சமூக நல இலாகா தரும் உதவித்தொகை (2025 முதல் மாதம் 600 ரிங்கிட்), மக்கள் வீடமைப்புத் திட்ட வாடகை வீடு (மாதம் 124 ரிங்கிட்), எல்லாம் குடிமக்களுக்குத்தான். 2025 செப்டம்பர் 30 முதல் பெட்ரோல் மானியமும் அப்படியே ஆனது. மைகாட்டைச் செருகினால் ரோன்95 ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட், அட்டை இல்லையென்றால் அன்றைய நிலவரப்படி 2.60. இங்கே சிவப்பு அட்டைக்காரரும் வெளியேதான் நிற்கிறார். எழுபது வருடம் இந்த ஊரில் இருந்தும்.

மருத்துவத்தில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, விலைதான் வேறு. குடிமகன் வெளிநோயாளிப் பிரிவில் 1 ரிங்கிட் கட்டுகிறார், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். வெளிநாட்டவர் அதே வெளிநோயாளிப் பிரிவில் 40 ரிங்கிட், நிபுணருக்கு 120 கட்டுகிறார். மருந்து, பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். வார்டில் சேர ஆயிரக்கணக்கில் முன்பணமும் கட்ட வேண்டும். ஐக்கிய நாட்டு அகதி அட்டை வைத்திருப்பவருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. ஆகவே, "நமக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி" என்ற புலம்பல் உண்மையில் வரிசையைப் பற்றியது, பணத்தைப் பற்றியதல்ல. நாற்பது ரிங்கிட் கட்டியவரும் ஒரு ரிங்கிட் கட்டியவரும் ஒரே நாற்காலியில் காத்திருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

அந்த வரிசையில் அட்டையைக் கொண்டு வர முடியுமா? அவசரப் பிரிவில் முடியாது, கூடாது. நம் மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் பிரிக்கிறார்கள். மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்பவர் சிவப்பு, காத்திருக்கக் கூடியவர் பச்சை. அரிவாள் சறுக்கித் தொடை ரத்தக் குழாய் அறுந்த வங்காளதேசத் தொழிலாளி, இருமலோடு வந்த நீல அட்டைக்காரருக்கு முன்னால்தான் போவார். இதை மாற்றினால் முதலில் குழம்பிப்போவது தாதியர்தான். ரத்தம் ஓடும்போது பாஸ்போர்ட் தேடச் சொல்வது நேரத்தைத் தின்னும். சட்டைப் பையில் மைகாட் இல்லாமல் மயங்கிக் கிடக்கும் நம் ஆளும் அதே விதியில்தான் மாட்டுவார்.

தொற்றுநோயில் கணக்கு இன்னும் தெளிவு. கோவிட் தடுப்பூசியை நாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கும் இலவசமாகத் தர 2021 பிப்ரவரியில் அரசு முடிவெடுத்தது. இருபது பேர் ஒரு லயத்தில் படுத்துறங்கும் இடத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்டு மீதியை விட்டால், ஊர்ச் சந்தைக்கு நோய் வந்தே தீரும். காசநோய்க்கும் இதே நியாயம். ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, ஆவணம் இல்லாத குடியேறிகள் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளிடம் தெரிவிக்கச் சொல்கிறது. அதனால் அவர்கள் இருமலோடு மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, நிலை முற்றிய பிறகே வருகிறார்கள். அதற்குள் எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கும்? வரிசையில் ஓர் ஆள் குறைந்தார், ஊரில் நோய் கூடியது.

பள்ளிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். மாணவர் 150க்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற கணக்கில் வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. பத்துப் பிள்ளை கூடுதலாக வந்தால் தலைமையாசிரியர் கோயிலில் தேங்காய் உடைப்பார். இடமே தீர்ந்துபோகாத இடத்தில் முன்னுரிமை என்ற பேச்சுக்கு என்ன பொருள்? ஆனாலும் ஆவணம் இல்லாத பிள்ளையை வாசலில் திருப்பி அனுப்பிய காலம் உண்டு, அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால் முதலில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஆவணத்துக்கு அவகாசம் கொடுப்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. சேர்ந்த பிறகும் பாடநூல் கடனுதவித் திட்டம் குடிமக்கள் பிள்ளைகளுக்கே. ஆகவே ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் இருக்கும், பக்கத்துப் பிள்ளைக்கு இருக்காது. ஆசிரியர்கள் பழைய புத்தகம் தேடி ஒப்பேற்றுகிறார்கள்.

வேலையிடத்தில் மட்டும் சட்டம் புத்திசாலித்தனமாக நடந்திருக்கிறது, பாதியளவுக்காவது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் உள்ளூர்த் தொழிலாளிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஒன்றே. இதை வெளிநாட்டவருக்குக் காட்டிய கருணை என்று நினைக்க வேண்டாம். அவர்களை மலிவாக வைத்துக்கொள்ள விட்டால் முதலில் வேலை போவது நமக்கு. அதே நேரம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எம், 60என் பிரிவுகள் உள்ளூர்க்காரருக்கு நேரடியாகவே முன்னுரிமை தருகின்றன: வெளிநாட்டவரை வைத்துக்கொள்வதற்காக உள்ளூர்த் தொழிலாளியை நிறுத்தக் கூடாது, ஆட்குறைப்பு வந்தால் வெளிநாட்டவரைத்தான் முதலில் குறைக்க வேண்டும். அடுத்து வரும் 60ஓ பிரிவு நிரந்தரவாசியை இந்தக் கணக்கில் வெளிநாட்டவராக எடுத்துக்கொள்வதில்லை. சிவப்பு அட்டைப் பாட்டியை எங்கே சேர்ப்பது என்று இந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மீதிப் பாதி சரியில்லை. ஊழியர் சேம நிதிக்கு 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்காக முதலாளி 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் கட்டுகிறார். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து கட்டாயமானது 2 விழுக்காடு, 34 ரிங்கிட். தோட்டத்துறை லெவி ஆண்டுக்கு 640, மாதத்துக்குப் பிரித்தால் ஐம்பத்து மூன்று ரிங்கிட் சொச்சம். இந்த இரண்டை மட்டும் கூட்டிக் கழித்தாலும் வெளிநாட்டவர் மாதம் 134 ரிங்கிட் மலிவு. முகவர் கட்டணம், தங்குமிடம் என்று வேறு செலவுகள் முதலாளிக்கு உண்டுதான். இருந்தாலும் "அவனுக்கு ஏன் சேம நிதி" என்று கேட்பவர், தன் மகனைத் தோட்டம் எடுக்காததற்கான காரணங்களில் ஒன்றை அங்கேதான் தேட வேண்டும்.

முன்னுரிமை கேட்பவர் பக்க நியாயம்

இந்த வாதத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். அதில் மூன்று வலுவான இழைகள் உண்டு.

பொதுச் சேவை என்பது தலைமுறைகள் சேர்த்த பொதுச் சொத்து. மருத்துவமனைக் கட்டடமும் தண்ணீர்க் குழாயும் இன்றைய வரியில் மட்டும் எழுந்தவையல்ல. தாத்தா கட்டிய சுங்க வரியும் அதில் இருக்கிறது. இரண்டாவது, குடிமகனுக்குப் போக வேறு இடமில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, எவ்வளவு ஏழையானாலும், அவரை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்ட ஒரு நாடு இருக்கிறது. மூன்றாவது, நம்பிக்கை. வீட்டு வரிசையில் பன்னிரண்டு வருடம் நின்றவரை நேற்று வந்தவர் முந்தினால், அந்தத் திட்டத்தின் மீதே மக்கள் நம்பிக்கை இழப்பார்கள். ஓட்டுப் போடுபவர் கைவிட்ட திட்டம் நிலைக்காது, அப்போது ஏழைக் குடியேறிக்கும் அது இல்லாமல் போகும். அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்ட்சர் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறார்: ஒரு சமூகம் தனக்குள் பகிர்ந்துகொள்ளும் முதல் பொருள் அதன் உறுப்பினர் என்ற தகுதியே.

ஆனால் வால்ட்சரே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார். ஒருவரை உழைக்க மட்டும் உள்ளே விட்டு, ஒருபோதும் உறுப்பினராக விடாமல் வைத்திருப்பது அநீதி. கனடாவில் வாழும் ஜோசப் கேரன்ஸ் இன்னும் மேலே போகிறார். ஒருவர் தங்கத் தங்க, ஊரோடு அவருக்கு உறவு வேர்விடுகிறது, அதனாலேயே உரிமையும் கூடுகிறது என்பது அவர் வாதம். முதல் வருடத் தொழிலாளியும் பதினோரு வருடத் தொழிலாளியும் ஒன்றல்ல, இங்கேயே பிறந்த பாட்டியோ முழு உறுப்பினர், அட்டை எந்த நிறமானாலும்.

காலத்தை மட்டும் அளவாக வைத்தாலும் சிக்கல் தீராது. லண்டன் பகுதியில் ஹில்லிங்டன் உள்ளாட்சி, பத்து வருடம் அங்கே வாழ்ந்தவர்களுக்கே பொது வீட்டு வரிசை என்று விதி வைத்தது. நாடோடிச் சமூகத்தாரும் அகதிகளும் அந்தப் பத்து வருடத்தைக் காட்டவே முடியாது என்பதைக் காரணமாகக் கொண்டு, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் சட்டவிரோதம் என்றது. நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், தோட்டம் விற்கப்பட்டு மூன்று மாநிலம் அலைந்த குடும்பமும் அத்தகைய விதியில் தோற்றுவிடும். சிங்கப்பூர் நடுவழி எடுக்கிறது. நிரந்தரவாசிக் குடும்பம் மூன்று வருடம் அந்தத் தகுதியில் இருந்த பிறகு மறுவிற்பனை வீடமைப்புக் கழக வீடு வாங்கலாம். புதிய வீடும் பெரும்பாலான மானியமும் குடிமக்களுக்கே.

எங்கள் கணிப்பு

ஒரு சேவைக்கு முன்னுரிமை பொருந்துமா என்று பார்க்க, அது உண்மையிலேயே தீர்ந்துபோகிற பொருளா, மறுத்தால் கெடுதல் அந்த ஒருவரோடு நிற்குமா ஊருக்குப் பரவுமா, அதற்கான பணம் எந்தப் பையிலிருந்து வந்தது என்று கேட்டால் போதும். வாடகை வீடு தீர்ந்துபோகும், மறுத்தால் தொற்றாது, பணம் பொது வரி. அங்கே குடிமகனுக்கு முன்னுரிமை சரி. அந்தக் "குடிமகன்" வட்டத்துக்குள் சிவப்பு அட்டை முதியவரையும் சேர்க்காதது தவறு. தடுப்பூசி, காசநோய் மருந்து, கொசுப் புகை அடிப்பது: முன்னுரிமை என்ற பேச்சே பொருந்தாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளியும் வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார். முதலாளி அவர் பெயரில் 1.25 விழுக்காடு கட்டுகிறார். ஆகவே கை முறிந்தால் அவர் வாங்குவது சலுகையல்ல, சந்தா கட்டியதன் பயன்.

லய வீடு இந்தக் கணக்கிலேயே வராது, ஆனால் ஊரில் மிக அதிகமாக மனக்கசப்பு கிளப்புவது அதுதான். "முப்பது வருடம் உழைத்த என்னைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, வெளிநாட்டானுக்கு அந்த வீட்டுக்குச் சாயம் அடிக்கிறார்கள்." வலி உண்மை. ஆனால் அந்த வீடு அரசாங்கம் தரும் சேவையல்ல. தொழிலாளர் தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சத் தரம் வைக்கும் 446ஆவது சட்டம், வேலையில் இருப்பவரைத்தான் பார்க்கிறது. ஓய்வு பெற்ற நாளில் அந்தப் பாதுகாப்பு அறுந்துவிடுகிறது. ஆகவே அங்கே எதிராளி புதிதாக வந்த தொழிலாளி அல்ல. ஓய்வு பெறுமுன் சொந்த வீட்டுக்கு வழி செய்யாத நிர்வாகத்திடமும், நிலம் கையில் வைத்திருக்கும் மாநில அரசிடமும்தான் கேட்க வேண்டும். தவறான வாசலில் தட்டிய கோபம் பல ஊர்களில் பல வருடம் வீணாகியிருக்கிறது.

எந்த வாசல் என்பதும் முக்கியம். மருத்துவம், கல்வி, குடியுரிமை, குடிநுழைவு எல்லாம் கூட்டரசின் (மத்திய அரசின்) கையில். நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலத்தின் கையில். சமூக நலம் இரண்டுக்கும் பொது. சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் கிளினிக் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால் அவர் கடிதம் எழுதலாம், அவ்வளவே.

நம் வீட்டிலேயே நடக்கும் கோளாறுகள்

முன்னுரிமை வரிசையில் தமிழர் பின்னால் தள்ளப்படுவதற்கு வெளிநாட்டவரைவிடப் பெரிய காரணம் தாள்தான்.

குழந்தை பிறந்தால் தீபகற்பத்தில் 60 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்பு உறுதிக் கடிதம், பெற்றோரின் அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ், தாயின் கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நாள் தவறினால் அது தாமதப் பதிவு. விசாரணை, சாட்சி என்று இழுக்கும். பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும் பெயரை மட்டும் சரிபார்த்துவிட்டு மடிக்க வேண்டாம். குடியுரிமை நிலை என்ற கட்டத்தில் 'வார்கானெகாரா' (குடிமகன்) என்று இருக்கிறதா 'புக்கான் வார்கானெகாரா' (குடிமகன் அல்ல) என்று இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பல குடும்பங்களுக்கு அந்தச் சொல் கண்ணில் படுவது, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் மைகாட் எடுக்கப் போகும்போதுதான்.

அதிகம் நடக்கும் கோளாறு பதியாத கல்யாணம். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் இங்கே மணம் முடிக்கக் கூடாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. அதனால் சிலர் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதியாமலே குடும்பம் நடத்துகிறார்கள். பதிவில்லாத உறவில் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய் மலேசியர், தந்தை வெளிநாட்டவர் என்றால் குழந்தை இங்கே பிறந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. தந்தை மலேசியத் தமிழர், தாய் இந்தோனேசியர் என்றால் அதே லயத்தில் பிறந்த குழந்தை வெளிநாட்டவர் ஆகிவிடும். பிறகு கல்யாணத்தைப் பதிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 15ஏ விதியின்கீழ் தனியாக மனுச் செய்ய வேண்டிவரும். அதற்கு வயது வரம்பு 21 என்று இருந்ததை, 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. பிள்ளை படிவம் ஐந்து (இடைநிலைப் பள்ளி ஐந்தாம் ஆண்டு) முடிக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

சிவப்பு அட்டை முதியவருக்கு இரண்டு வழிகள் உண்டு. 19ஆவது விதியில் மனுச் செய்தால் கடந்த 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், போதுமான மலாய் அறிவு வேண்டும். சுதந்திரத்துக்கு முன் மலாயாவிலேயே பிறந்தவர் என்று காட்ட முடிந்தால் 16ஆவது விதி எளிது. அங்கே கேட்பது கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு வாசமும் தொடக்கநிலை மலாயும்தான். பலர் முதல் வழியில் போய் நேர்காணலில் திணறித் திரும்பியிருக்கிறார்கள், இரண்டாவது வழி தங்களுக்கு உண்டு என்று தெரியாமலே. பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, தோட்டத்து வேலைப் பதிவேட்டின் நகல், உடன்பிறந்தவரின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைத் தேடித் திரட்டுங்கள். பெயர்தான் அதிகம் காலை வாரும். ஒரு தாளில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள், மூன்றாவதில் வீட்டுப் பெயர் பாப்பாத்தி. மூன்றும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து, எல்லாத் தாளையும் ஒரே கோப்பில் வைத்து, நகலை வீட்டில் வைத்துக்கொண்டு அசலோடு போங்கள். துணைக்கு மலாய் நன்றாகப் பேசும் பேரப்பிள்ளை ஒருவர் போகலாம், ஆனால் அதிகாரி கேட்பதற்குப் பாட்டிதான் பதில் சொல்ல வேண்டும்: பெயர், வயது, எங்கே பிறந்தார், எத்தனை பிள்ளைகள், இன்று என்ன சமைத்தார். இந்த அளவு மலாயைத் தினமும் மாலையில் கால் மணி நேரம் வீட்டில் பேசிப் பழக்கலாம்.